சௌனாவில் காய்ந்த சைக்கிள்

கடைக்காரனோடு பேரம் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாங்கி வீட்டில் வைத்த சாமானோடு உட்கார்ந்து பேரம் பேசுகிறவளை வடதுருவ வட்டத்தை ஒட்டிய ரொவானியெமியில்தான் பார்க்கலாம். பெயர் இர்மெலி. பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. மூன்று நாளாக அவள் உள்ளே நுழைந்து தூங்குகிற தூக்கப்பை, ஸ்டவ், கரண்டி என்று ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, "நீ இத்தனை கிராம் இருக்கே, அதுக்கு எனக்கு என்ன செய்வே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லத் தெரியாத சாமானெல்லாம் விறகுக் கொட்டகைப் பக்கம் போய் விழுந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பந்தயம். உறைந்த ஆறும் காடும் சதுப்புமாக முந்நூறு கிலோமீட்டர், தடித்த டயர் சைக்கிளில், வேண்டியதையெல்லாம் அதிலேயே கட்டிக்கொண்டு. ஓட்டி முடித்தவருக்குச் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று கொடுப்பார்கள். கடையில் கிடைக்காது, பணத்துக்கும் கிடைக்காது. பழைய சாமான் கடைக்கே வராத ஒரே சாமான் அதுதான் என்பதால் இர்மெலிக்கு அதன்மேல் தீராத ஆசை.

முற்றத்தில் மைனஸ் இருபத்தாறு. பனிமேல் தார்ப்பாயை விரித்து, தடித்த கையுறையைக் கழற்றாமலே அவள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையுறையோடு திறக்க முடியாத பை காட்டில் பை அல்ல, பூட்டு. அதனால் ஒவ்வொரு ஜிப்பிலும் சுண்டுவிரல் நீளத்துக்குக் கயிறு முடிந்திருந்தது. சாக்லேட்டை முன்கூட்டியே பட்டாணி அளவுக்கு வெட்டியாயிற்று. வெட்டாத சாக்லேட் இந்தக் குளிரில் செங்கல். பல் போனால் பந்தயம் நடத்துகிறவர்கள் ஈடு கொடுக்க மாட்டார்கள்.

அவள் புருஷன் ஹெய்மோ சமையலறைத் தராசைப் படிக்கட்டில் வைத்துக்கொண்டு எடை சொன்னான்.

"பல் தேய்க்கிற பிரஷ், பன்னெண்டு கிராம்."

"கைப்பிடிய வெட்டு."

"நேத்தே வெட்டியாச்சு. இதுக்கு மேல குறைக்கணும்னா பல்லுல பாதியத் தேய்ச்சாப் போதும்."

"உன் வாய நிறுத்துப் பாரு, எத்தனை கிலோ வருதுன்னு."

ஹெய்மோவுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இர்மெலிக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். அன்றைக்கு என்னவோ அசந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. ஹெய்மோவின் தம்பி எஸ்கோ இறங்கினான். தலையில் சிவப்புத் தொப்பி.

அந்தத் தொப்பிக்குக் கதை உண்டு. போன வருஷம் பந்தயத்துக்கு முந்தின நாள் சாமான் சோதனையில் இர்மெலியின் கேஸ் ஸ்டவ் குளிரில் பற்றவில்லை. சோதனையில் தோற்றால் இடம் காத்திருப்புப் பட்டியலின் முதல் ஆளுக்குப் போகும். முதல் ஆள் எஸ்கோ. அவன் ஓட்டினான், முடித்தான், தொப்பி வாங்கினான். அதன்பிறகு சாப்பாட்டு மேஜையிலும் கழற்றுவதில்லை. இந்த வருஷமும் பட்டியலில் முதல் ஆள் அவன்தான். இன்று மாலை நாலு மணிக்குச் சோதனை மூடுகிறது.

"உதவி ஏதாவது வேணுமானு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் எஸ்கோ.

"கழுகு செத்த மான உதவிக்குத்தான் பாக்குமாம்," என்றாள் இர்மெலி. "காப்பி பிளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்க. எதையும் தொடாதே."

அவன் காருக்குள் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பின் கண்ணாடியில் முட்டிக்கொண்டு அவன் சைக்கிள். பைகள் எல்லாம் கட்டி, விளக்கு மாட்டி, தாலி கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"சைக்கிள எடுத்துட்டு வா ஹெய்மோ," என்றாள். "கொட்டகையில இருக்கு."

"கொட்டகையில இல்ல." ஹெய்மோவின் முகத்தில் பெருமை பொங்கியது. "உனக்கு ஒரு ஆச்சரியம்." அவன் நீராவியில் குளிக்கிற சௌனா அறைக் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அதன் நடுவே பளபளவென்று சைக்கிள் உருண்டு வந்தது. "சுடுதண்ணி ஊத்தி நல்லாத் தேய்ச்சுக் கழுவினேன். அப்புறம் அடுப்பு மூட்டி, காலையிலேர்ந்து உலத்தினேன். பாரு, புதுசு மாதிரி!"

எஸ்கோ காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

குளிர்காலத்தில் சைக்கிள் வெளியேதான் தூங்க வேண்டும். சுடவைத்தால் எங்கெங்கோ ஒளிந்திருக்கும் ஈரம் உருகி உள்ளே இறங்கும். வெளியே வந்ததும் அங்கேயே உறையும். இர்மெலிக்கு இது தெரியும், எஸ்கோவுக்குத் தெரியும், தெருவில் போகிற நாய்க்குத் தெரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஹெய்மோவுக்கு, இரவில் கராஜில் வெதுவெதுப்பாக வைத்தால்தான் வண்டி காலையில் கிளம்பும் என்று தெரியும். மனுஷனோ வண்டியோ, எதையும் சௌனாவில் வைத்தால் சரியாகிவிடும் என்பது அவன் பிறந்த குடும்பத்தின் வைத்தியம்.

சைக்கிளை அவள் மரத்தில் சாய்த்துவிட்டு அரை மணி பைகளைக் கட்டினாள். பிறகு ஏறி மிதித்தாள். பெடல் சுற்றியது. சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் மிதித்தாலும் காற்று, பின்னால் மிதித்தாலும் காற்று.

"ஃப்ரீவீல்," என்றான் எஸ்கோ மெதுவாக. "உள்ள இருக்கிற பல்லெல்லாம் உறைஞ்சு போச்சு. கடிக்க மாட்டேங்குது."

"என்னாச்சு?" என்றான் ஹெய்மோ.

"உன் ஆச்சரியம் ஆச்சு," என்றாள் இர்மெலி.

"அப்ப மறுபடி சௌனாவுல வச்சா…"

"ஹெய்மோ. நீ போய் அந்தத் தராசுகிட்ட உக்காரு."

மறுபடி சுடவைத்தால் உருகும், வெளியே வந்தால் மறுபடி உறையும். சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களை எடுத்து, ஃப்ரீவீலை உருவி, பெட்ரோலில் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பூட்ட வேண்டும். வேலை ஒரு மணி நேரம்தான். அதற்கென்று தனித் திருகுசாவி வேண்டும். சைக்கிள் கடைக்காரரிடம் இருக்கிறது. அவரும் இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்கிறார், கடையைப் பூட்டிவிட்டு எந்த நண்பர் வீட்டிலோ நூடுல்ஸ் தின்றுகொண்டிருப்பார். மணி ஒன்றரை.

எஸ்கோ காப்பியை உறிஞ்சினான். சும்மா இருந்தால் போதும், இடம் அவனுடையது. ஆனால் அவனும் வியாபாரக் கணக்குத் தெரிந்தவன். தலை ஒன்று, தொப்பி ஒன்று இருக்கிறது. இரண்டாவதை எங்கே வைப்பது?

"சாவி என் கார்ல இருக்கு," என்றான்.

இர்மெலி நிமிர்ந்தாள். "என்ன வேணும்?"

"சொந்தத்துக்குள்ள என்ன கேக்கப் போறேன். ஹில்லா."

"ஃப்ரீசர்ல ரெண்டு டப்பா இருக்கு. எடுத்துக்க."

"பழம் வேணாம். இடம்."

இந்த ஊரில் ஒருவனிடம் சம்பளத்தைக் கேட்கலாம், ஏன் விவாகரத்து என்று கேட்கலாம். மஞ்சளாய்த் தகதகக்கும் ஹில்லாப் பழத்தை எந்தச் சதுப்பில் பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. தாய் சாகும்போதுதான் மகளிடம் சொல்வாள். சில தாய்மார் அப்போதும் வாய் திறப்பதில்லை. இர்மெலி வருஷா வருஷம் ஜூலை முடிவில் காரை வேறு திசையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போகிறவள். எங்கே என்று கட்டின புருஷனுக்கே தெரியாது.

"பாலத்துக்கு மேக்கால ஒரு சதுப்பு இருக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"அங்க மூணு பழமும் முப்பதாயிரம் கொசுவும் இருக்கு. நீ வாளி நிறையக் கொண்டு வர்ற இடத்தச் சொல்லு."

"சரி, வேணாம். சைக்கிள தோள்ல தூக்கிட்டுப் போய்க்கறேன்."

"நல்லது. நாலு மணிக்கு பள்ளிக்கூட மைதானத்துல பாப்போம்." எஸ்கோ கோப்பையைக் கவிழ்த்துவிட்டுக் கார் கதவில் கை வைத்தான். இர்மெலி முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு பையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். கதவு திறக்கவில்லை. கயிறும் முடியவில்லை. இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும்.

"வடக்குப் பாதி," என்றாள் திரும்பாமலே.

"முழுசும்."

"வடக்குப் பாதி. அதுவும் நான் பறிச்ச மறுநாள்."

"மிச்சம் மீதி பொறுக்க நான் என்ன காக்காவா? அதே நாள்."

"அதே நாள், காலைல எட்டு மணிக்கு மேல."

"ஏழு."

"ஏழரை. சோதனையில தேறி, சைக்கிள்ல பட்டி கட்டினப்புறம்தான் இடத்தச் சொல்லுவேன். கட்டலைன்னா விலையும் கிடையாது."

எஸ்கோ யோசித்தான். ஓட்டும்போது கை குளிராமலிருக்க ஹேண்டில் பாரில் மாட்டியிருந்த உறைப்பைகளில் ஒன்றுக்குள் இர்மெலி கையை நுழைத்தாள், அவனும் நுழைத்தான். மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல உள்ளே கைகள் குலுங்கின. ஹெய்மோ தராசின் பக்கத்திலிருந்து, "எந்தச் சதுப்பு?" என்று கேட்டான்.

இர்மெலியின் கெட்டிக்காரத்தனம் எதில் இருந்தது என்று எஸ்கோவுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. அவள் தோற்றால் அவனுக்குப் பந்தயம், ஜெயித்தால் சதுப்பு. சதுப்பின் ருசி தட்டிய பிறகு பந்தயம் யாருக்கு வேண்டும்? ஒரு நிமிஷத்துக்கு முன் அவள் தோற்கக் காத்திருந்தவன் இப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்ரோலில் விரல் விறைக்கப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"இன்னும் ஈரம் இருக்கும், துடை," என்றாள் இர்மெலி.

"துடைச்சிட்டேன்."

"என் பக்கம் துடைச்சே. உன் ஹில்லாப் பக்கமும் துடை."

மூணு மணிக்குச் சக்கரம் கடித்தது. கடகடவென்று ஃப்ரீவீல் பேசிய சத்தம் கேட்டு எஸ்கோ சிரித்துவிட்டான்.

பள்ளிக்கூட மைதானத்தில் சோதனை பார்க்கிறவள் லெம்பி. நாற்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள். வந்து நிற்பவர்களில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள். யாருக்கும் மரியாதை வைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"தூக்கப்பை. விரி. ம். விளக்கு ரெண்டு. ம். சாப்பாடு. இது என்ன?"

"வெண்ணெய்ல உருட்டின மான் கறி, பாதாம்," என்றாள் இர்மெலி.

"சாகறதுக்கு முன்னாடி நல்லாத் தின்னலாம். ஸ்டவ்வ பத்த வை. அரை லிட்டர் பனி, கொதிக்கணும். இதெல்லாம் உன் சுகத்துக்கு இல்ல. ராத்திரி நான் உன்னத் தேடி எழுந்திரிக்கக் கூடாதுன்னுதான்."

இந்த வருஷம் பெட்ரோல் ஸ்டவ். இர்மெலி முட்டி போட்டு பம்ப் அடித்தாள். தீக்குச்சி கிழித்தாள். மஞ்சளாய் ஒரு நாக்கு நீண்டது, தும்மியது, அணைந்தது. போன வருஷமும் இப்படித்தான் தொடங்கியது.

"இன்னும் பத்து தடவை அடி!" கூட்டத்திலிருந்து ஒரு குரல் கத்தியது. எஸ்கோ. "குழாய் சூடாகலை, அடி, அடி!"

லெம்பி திரும்பினாள். "எஸ்கோ, உன்னப் பெத்தப்ப உங்கம்மா கூட இவ்வளவு கத்தல. இன்னொரு வார்த்தை உதவி சொன்னே, இவளையும் தூக்கிடுவேன், உன்னையும் பட்டியல்லேர்ந்து தூக்கிடுவேன்."

எஸ்கோ தொப்பியைக் கழற்றி வாயில் திணித்துக்கொள்ளாத குறை. கூட்டத்தில் ஒருவன், "காத்திருப்புப் பட்டியல்ல நிக்கிறவன் எதிராளிக்குச் சாமி கும்பிடறத இப்பத்தான் பாக்கறேன்," என்றான்.

இர்மெலி எண்ணிக்கொண்டே அடித்தாள். பதினொன்று, பன்னிரண்டு. இரண்டாவது குச்சி. மஞ்சள் தும்மியது, நின்றது, பிறகு நீலமாகச் சீறியது. பாத்திரத்தில் பனி இடிந்து விழுந்து, சாம்பல் நிறமாகி, தண்ணீராகி, ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி விட்டது. லெம்பி குனிந்து பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தன் கோப்பையை நீட்டினாள்.

"ஊத்து. டீத்தூள் என்கிட்ட இருக்கு."

ஆரஞ்சுப் பட்டியை எடுத்து ஹேண்டில் பாரில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

கார் நிற்கிற இடத்தில் இர்மெலி எஸ்கோவின் காதருகே குனிந்தாள். இரண்டு வாக்கியம்தான் சொன்னாள். எஸ்கோவின் வாய் திறந்தது.

"அந்தக் கரண்ட் கம்பத்துக்குப் பின்னாடியா? நான் பதினஞ்சு வருஷமா அந்த வழியா வேலைக்குப் போறேனே!"

"ஏழரை மணி," என்றாள் இர்மெலி. "ஏழு இருபத்தொம்போதுக்கு உன்னப் பாத்தா நாய விட்டுடுவேன்."

"ஆனா தொப்பி வாங்கிட்டு வா. நம்ம வீட்டுல ஒருத்தன் மட்டும் சிவப்புத் தொப்பியோட உக்காந்தா சாப்பிடறப்ப எல்லாரும் என்னையே முறைக்கறீங்க." அவன் காரில் ஏறினான். இன்னொரு சவாரிக்கு ஆயத்தமாய் இருந்த அவன் சைக்கிள் பின் கண்ணாடியில் வருத்தமில்லாமல் ஆடிக்கொண்டு போயிற்று.

ஹெய்மோ அவள் தோளைத் தொட்டான். "என்கிட்ட?"

"என்ன உன்கிட்ட?"

"இடம். இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"சைக்கிள சௌனாவுல வச்சவனுக்கா?"

"அது ஆச்சரியம்…"

"இன்னொரு இருபத்தாறு வருஷம் போகட்டும். பாப்போம்."

வீட்டில் சைக்கிளை விறகு அடுக்கின்மேல் சாய்த்தாள். பைகள் இறுக்கமாக, கயிறுகள் நீளமாக, ஆரஞ்சுப் பட்டி காற்றில் படபடக்க அது நின்றது. ஒரு கிராம்கூடத் தள்ள ஒன்றும் மிச்சமில்லை. காலையிலிருந்து முதல்முறையாக அவள் கையுறையைக் கழற்றினாள்.

ஹெய்மோ ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தான். "ராத்திரி முப்பதுக்குப் போகுமாம். பாவம். ஒரு பழைய கம்பளியாவது…"

"அதுக்குக் குளிரட்டும்," என்றாள் இர்மெலி. "அடுப்புல அனல் இன்னும் இருக்குல்ல?"

"நாலஞ்சு கட்டை போட்டாப் போதும்."

"போடு. இன்னிக்காவது அந்தச் சௌனாவுல ஒரு மனுஷி குளிக்கட்டும்."