பதினொரு நாள் மீற்றர்

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் பூசைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கோயில் வாசலில் வைத்தே கிறிஸ்துநாயகம் றூபினியைப் பிடித்துக்கொண்டார். லண்டன் பிளேஸ்டோ தமிழ்ப் பங்கில் எந்த அலுவலுக்கும் ஆள் பிடிப்பவர் அவர்தான். பிடித்தால் விடமாட்டார்.

"பிள்ளை, கால் கழுவிற பன்னிரண்டு பேரில ஒரு ஆள் குறையுது. நீர் வந்து இரும்."

"ஆர் வரேல்லை?"

"எங்கட ஜெராட்தான். கம்பனி விசாரணை முடியுமட்டும் தான் அந்தக் கதிரையில இருக்கிறது சரியில்லையாம். என்ன மனுசனப்பா!"

 றூபினி மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். போய் இருந்தாள்.

ஜெராட்டுக்கும் அவளுக்கும் ஒரே கம்பனி. அலுவலகம் லண்டனில், ஆலை அமெரிக்காவில். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து நிலத்துக்கு அடியில் புதைப்பார்கள். புதைத்த ஒவ்வொரு டன்னுக்கும் அங்கே வரிச்சலுகை உண்டு. எத்தனை டன் கீழே போனது என்று மீற்றர் பார்த்துச் சொல்வது ஜெராட்டின் வேலை. அதை வைத்துச் சலுகை கேட்டு விண்ணப்பம் எழுதுவது றூபினியின் வேலை.

போன வருடம், விண்ணப்பம் போகவேண்டிய கடைசி வாரத்தில் ஜெராட் போன் எடுத்தார்.

"பிள்ளை, பதினொரு நாள் மீற்றர் வேலை செய்யேல்லை. வாயு கீழ போச்சுதோ, காத்தில போச்சுதோ, எனக்குச் சொல்ல ஏலாது."

வேறு யாராக இருந்தாலும் றூபினி அதற்கான பதிலை மின்னஞ்சலில்தான் எழுதியிருப்பாள். ஆனால் இவர் ஜெராட் அண்ணை, அவளுடைய மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அவருக்குப் போய் எழுத்தில் அனுப்புவதா? நம்பாத மாதிரி ஆகிவிடாதா? போனிலேயே, தமிழிலேயே சொன்னாள்: "முந்தின கிழமை ஓடின கணக்கையே போட்டு அனுப்புங்கோ அண்ணை. பிறகு நான் திருத்துறன்."

அவர் போட்டார். அவள் திருத்தவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! மறக்கவேயில்லை. திருத்தினால் சலுகை குறையும், மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், கைக்கெட்டிய பதவி உயர்வு நழுவும். அவ்வளவுதான் விஷயம். பதவி வந்தது.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும்போது கணக்குப் பரிசோதகர்களும் வந்தார்கள். எழுத்தில் இருந்தது ஜெராட் அனுப்பிய எண் மட்டும். யார் சொல்லிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். நானேதான் போட்டேன் என்றுவிட்டார், பாவி மனுசன். ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. வேலை போவது நிச்சயம் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. றூபினி ஆறு கிழமையாக உண்மையை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். சீ, தானும் ஒரு மனுசியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

பூசையில் கால் கழுவும் பாட்டு எழும்பியது. ஃபாதர் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். றூபினி வலது சப்பாத்தைக் கழற்றிக் காத்திருந்தாள். அவர் முன்னால் முழந்தாளிட்டுத் தண்ணீரைச் சரித்தபோது காலைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

"ஃபாதர், இது என்ர இடம் இல்லை."

எழும்பி, ஒற்றைக் கால் வெறுங்காலோடு நடந்தாள். சனம் முழுக்கப் பார்த்தது. மூன்றாவது வரிசை வாங்கில் ஜெராட்டின் மனைவி டொலறஸ் தனியே இருந்தார். றூபினி பக்கத்தில் போய் இருந்தாள்.

"அக்கா, அந்த நம்பரைப் போடச் சொன்னது நான்தான்."

டொலறஸ் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். அண்டைக்கு அவர் ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சவர். நான் பக்கத்தில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. அந்தப் பிள்ளை தானா வந்து சொல்லும் எண்டவர். ஆறு ஞாயிறா எனக்குப் பக்கத்தில உமக்கு இடம் விட்டுக்கொண்டு இருக்கிறம். நீர் கடைசி வாங்கில இருந்துபோட்டு ஓடிவிடுவீர்."

றூபினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியபடி கைத்தொலைபேசியை எடுத்தாள். அந்த எண்ணைக் கேட்டது நான், திருத்தாமல் விட்டதும் நான், ஜெராட் முதலிலேயே எச்சரித்தார். மூன்று வரிதான். ஆறு கிழமை அழித்த மூன்று வரி. பரிசோதகர்களுக்கு அனுப்பினாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அதில் அவளுடைய வலது சப்பாத்து இருந்தது. முன்னுக்கு வராமல் கோயிலின் பின்சுவரோடு நின்ற ஜெராட், கதிரையடியில் கிடந்த அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அனுப்பிப்போட்டன் அண்ணை."

"அதைப் பிறகு பாப்பம். நிலம் குளிர், முதல்ல இதைப் போடும் பிள்ளை."

அவள் குனிந்தபடியே போட்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.