குளிரில் ஓடிய மின்விசிறி

நான் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது அன்று எனக்கு உத்தியோகம். இன்று அது பழக்கம். தம்பி மகனைப் பார்க்க வெளிநாடு போனபோதும் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மறுமுனையில் தொண்டையில் எலும்பு சிக்கியது போல ஒரு சத்தம் வந்தது. நான் திடீரென்று வாசலில் நிற்கும்போது தூங்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியர்கள் எழுப்பும் அதே சத்தம். சரக்கு சரியில்லை என்று அப்போதே புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிய முதல் ஆள் அவன். அந்தச் செய்தியை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் நானே சொன்னேன். சிலருக்கு இரண்டு முறை. அதன் பிறகு கல்யாண வீடுகளில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். ஆகவே அவன் வேலை பார்க்கும் கண்ணாடி மாளிகையை நேரில் பார்த்துவிட்டு வருவது என் கடமை.

அவன் என்னை அழைத்துப் போனது ஒரு பழைய கட்டடத்தின் உச்சியிலிருந்த அறைக்கு. கட்டில், மேசை, அடுப்பு மூன்றும் பேருந்தில் நெருக்கி நிற்பவர்கள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. செருப்பு விடுகிற இடம் போலும் என்று எண்ணி, உள்ளே போகும் கதவைத் தேடினேன்.

"வீடு எங்கடா?"

"இதான் பெரியப்பா வீடு."

"அப்ப ஆபீஸு?"

கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்த நாற்காலியைக் காட்டினான்.

அவன் தலையைப் பார்த்தேன். முன்பக்கம் படிய வாரி மாப்பிள்ளைக் களையாக இருந்தது. பின்பக்கம் ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. "கேமராவுல முன்னாடிதான தெரியும்? பின்னாடி நானே வெட்டிக்கிட்டேன்" என்றான். ஒரே தேயிலைப் பையில் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுவிட்டு, அதை எறியாமல் மூன்றாவது கோப்பைக்குக் காய வைத்தான். வெந்நீர் ஓடும் குழாய்களால் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு சுவரில் இருந்தது. கட்டணத்துக்குப் பயந்து அதை மூடி வைத்திருந்தான். நான் கம்பளிக் குல்லாவைக் கழற்றவே இல்லை.

அன்று சாயங்காலம் உண்மை வெளியே வந்தது. அவனை வரவழைத்த வெளிநாட்டுக் கம்பெனி, அவன் சேர்ந்த சில மாதங்களிலேயே கடையைச் சாத்திவிட்டது. தங்குவதற்கான அனுமதி மட்டும் மிச்சமிருந்தது. நம் ஊர்க் கம்பெனி ஒன்றில் கணினி வழியாகவே ஒரு வேலை தேடிக்கொண்டான். சம்பளம் ஊர்ச் சம்பளம், வாடகை வெளிநாட்டு வாடகை. இதில் இன்னொரு சங்கதி, அவன் ஊரில் இருக்கிறான் என்றுதான் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய கணினியை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதாம். தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

"ஊருக்கே வந்திருக்கலாமேடா."

"எப்படி வர்றது? நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே."

குடும்ப மானத்தை அவன் காப்பாற்றிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னால் உயரமான கட்டடங்கள் தெரியும், அது உறவினர்களுக்கு. சுவருக்கு முதுகைக் காட்டினால் ஊர் மளிகைக் கடை கொடுத்த நாட்காட்டி தெரியும், அது கம்பெனிக்கு. ஊரில் அப்போதே கோடை கொளுத்தத் தொடங்கிவிட்டது, இங்கே குளிர்காலம் இன்னும் முடியவில்லை. ஆகவே பையன் மெல்லிய சட்டையோடு பக்கத்தில் மேசை விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, முடி பறக்க உட்கார்ந்து வேலை பார்த்தான். மேசைக்குக் கீழே இரண்டு காற்சட்டை, மூன்று காலுறை. பல் கிட்டித்து வாய் திறக்க முடியாதபோது, "நெட் ஸ்லோ" என்று எழுதி அனுப்பிவிடுவானாம்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மாள் வந்து கதவை இடித்தார். அவன் கீழ்த்தளத்தில் துணி துவைக்கப் போட்டிருந்த இயந்திரத்திலிருந்து தண்ணீர் பொங்கிப் படிக்கட்டு வரை வந்துவிட்டதாம்.

"பெரியப்பா, இந்த மவுஸை அப்பப்ப ஆட்டுங்க. இந்தப் பச்சைப் புள்ளி இருந்தா நான் வேலையில இருக்கேன்னு அர்த்தம். மஞ்சளாச்சுன்னா மேடம் கேப்பாங்க. வேற எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்."

ஓடினான். ஆட்டினேன். எத்தனையோ வருகைப் பதிவுகளைச் சரிபார்த்தவன், எலிக்குட்டி போன்ற ஒன்றைத் தடவித் தம்பி மகனை வேலையில் இருத்தி வைத்தேன். அப்போது திரையில் மணி அடித்தது. மேடம். மேலதிகாரி கூப்பிடும்போது எடுக்காமல் இருப்பது எங்கள் பரம்பரையில் கிடையாது. பதில் சொல்லும் பொத்தான் பச்சையாக இருந்தது. அழுத்தினேன்.

வட்ட முகம், மடியில் ஒரு குழந்தை. என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"சார், நீங்க?"

"அவன் பெரியப்பா. பையன் துணி காயப்போடப் போயிருக்கான்."

"ஓ, வணக்கம் சார்! அங்க ரொம்ப வெயிலாமே?"

"அனலாக் கொதிக்குது" என்றேன். விசிறிக் காற்று காது வழியாக மூளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் சார் கம்பளிக் குல்லா?"

"சைனஸ்."

இதுவரை எந்தக் குறையும் இல்லாமல்தான் நடத்தினேன். அதோடு அந்த அம்மாள் நிறுத்தியிருக்கலாம்.

"நீங்களாவது சொல்லுங்க சார். மூணு மாசம் வெளிநாட்டு வேலை ஒண்ணு வந்தது. இவருக்குக் குடுத்தா, வேணவே வேணாம்னுட்டார். டீம்ல இவருக்கு 'வீட்டுப்பூனை'ன்னே பேரு வெச்சுட்டாங்க. தெரு முனை தாண்ட மாட்டாராம்!" சிரித்தார். "பரம்பரையே அப்படித்தானா சார்?"

என் உடம்பில் குளிர் இருந்த இடம் தெரியவில்லை.

"யாரும்மா பூனை? தெரு முனையா? கடல் தாண்டி வந்து உக்காந்திருக்கான் எங்க பையன்! நல்லாப் பாரு!"

மடிக்கணினியை அப்படியே தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன். எதிர்க் கூரைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன. தெருவில் ஒரு வண்டி பனியை அள்ளிக்கொண்டிருந்தது.

கணினிக்குள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"சார்... அது பனியா?"

"பனிதான். முழங்காலளவு."

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. கதவு திறந்தது. நனைந்த காலுறையோடு தம்பி மகன் நின்றான். கையில் சொட்டுகிற துணி மூட்டை. ஜன்னலைப் பார்த்து நின்ற கணினியையும் என்னையும் பார்த்தான்.

"என்ன பண்ணீங்க பெரியப்பா?"

"உன்னைப் பூனைன்னாங்கடா."

அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் தன் பக்கம் திருப்பினான்.

"எவ்வளவு நாளா?" என்றார் மேடம். குரலில் சிரிப்பில்லை.

"சேர்ந்ததுலேர்ந்து."

"மேல சொன்னா இன்னிக்கே வேலை போயிரும். தெரியும்ல?"

அவன் தலையாட்டினான். காது மடல் சிவந்து போயிருந்தது. நான் குறுக்கே புகுந்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. எனக்கு அது வராது.

"அம்மா, ஒண்ணு மட்டும் கேளுங்க. இந்தக் குளிர்ல ஃபேனைப் போட்டு விறைச்சுக்கிட்டு ஒரு நாள் தப்பாம உங்களுக்கு வேலை பார்த்திருக்கான். சம்பளத்துக்கு மேல பார்த்திருக்கான்."

"ஃபேனா?" அவர் முகம் கோணியது. "அந்த ஃபேன் அதுக்கா? எத்தனை தடவை 'சத்தமா இருக்கு, ஆஃப் பண்ணுங்க'ன்னு கெஞ்சியிருக்கேன்!" சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. அதைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "கம்ப்யூட்டரை இப்பவே மூடுங்க. இன்னிலேருந்து லீவு. திங்கட்கிழமை காலையில அதோட நீங்களும் இங்க ஆபீஸ்ல இருக்கணும். அப்புறம் தினமும் நேர்லதான். முடியாதுன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும்."

"வர்றேன் மேடம்."

மூச்சு விடக்கூட நிற்காமல் சொல்லிவிட்டான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணினியை மூடி, விசிறியை நிறுத்தி, துணி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். நான் ஊரில் என்ன சொல்லுவது என்று அந்தப் பயலுக்கு ஒரு கவலையும் இல்லை.

அதை நான்தான் பார்த்தாக வேண்டும். உடனே தங்கையைக் கூப்பிட்டேன். அவளிடம் சொன்னால் போதும், விளக்கு வைப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

"நல்லாக் கேட்டுக்க. நாட்டைச் சுத்திப் பார்த்துட்டேன். நம்ம குடும்பத்துக்கு இது லாயக்கில்லை. வீடுங்கறாங்க, காலை நீட்டினா அடுப்புல இடிக்குது. பையனை நான் கையோட கூட்டிட்டு வர்றேன்."

"வேலை?"

"வேலை அவன் பின்னாலேயே வருது. இவன் இல்லாம அங்க ஓடாதாம்."

"அண்ணே, அவன் வேலை போய் ரொம்ப நாளாச்சுன்னு எங்களுக்குத் தெரியும்ணே. அன்னிக்கே அவங்கம்மாகிட்ட அழுதுட்டான்."

"எங்களுக்குன்னா யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். உங்க மனசு கஷ்டப்படும்னு யாரும் வாய் திறக்கல. நீங்க வந்தா முன்னாடி சேர் போட்டு உக்கார வெச்சோம்."

"சரியா கேக்கலை. இங்க சிக்னல் மோசம்" என்று வைத்துவிட்டேன்.

தம்பி மகன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அத்தை என்ன சொன்னாங்க பெரியப்பா?"

"நல்ல முடிவுன்னாங்க. நீ முதல்ல போய் அந்தப் பின்மண்டையை ஒழுங்கா வெட்டிட்டு வா. நான் தர்றேன் காசு. இந்தக் கோலத்துல ஊருக்குள்ள கூட்டிட்டுப் போனா என்னைத்தான் கேப்பாங்க."