மூன்றாவது பொத்தான்

திருப்பதியில் கண் ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் தேர்தல் வந்தது. கன்னையாவுக்கு வலது கண்ணில் கட்டு. இடது கண்ணில் வெகுநாளாகவே புகைமூட்டம். மகள் ஷோபாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போட வந்தார்.

ஷோபா கெமிஸ்ட்ரி படித்தவள். திருப்பதியில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் தற்காலிக வேலை. அரசு வேலை அறிவிப்புக்கு நான்கு வருடம் காத்திருந்து அலுத்துப்போய், இந்த முறை எதிர்க்கட்சிக்குத்தான் என்று அப்பாவிடமே சொல்லியிருந்தாள். அவரால் அதை விழுங்க முடியவில்லை. கூலிக்குப் போன குடும்பத்துக்கு அவருடைய கட்சிதான் ஒரு ஏக்கர் பட்டா கொடுத்தது. போன வாரம் கங்கம்மா கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, “எங்க வீட்டு மூணு ஓட்டும் நம்ம கட்சிக்கே” என்று சத்தியமும் செய்துவிட்டார். தன்னுடையது, மனைவியுடையது, ஷோபாவுடையது மூன்றையும் சேர்த்துத்தான்.

வரிசையில் அவருடைய கட்சிக்காரன் தேவேந்திரன் சீண்டினான். “இன்னா மாமா, எதிர்க்கட்சி கையில ஓட்டக் குடுக்க வந்துகினு கீற? நான் வேணா கூட வரட்டா?”

“எம் பொண்ணு கீறா. நீ உன் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டாரே தவிர, தோளில் இருந்த கை இறுகியது. “ரெண்டு மிஷின் இருக்கும்மா, எம்மெல்லேக்கு ஒண்ணு, எம்பிக்கு ஒண்ணு. ரெண்டுலயும் மூணாவது பட்டன். மூணாவது. மறந்துடாத.”

“சரி நைனா.”

உள்ளே ஒரு படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். துணைக்கு வந்தவள் என்று வலது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள்.

முதல் மிஷினில் அவருடைய சின்னம் மூன்றாவதுதான். அழுத்தினாள். இரண்டாவது மிஷினில் மூன்றாவதாக இருந்தது அவள் கட்சிச் சின்னம். அவருடையது ஐந்தாவது.

“மூணாவதும்மா,” என்று கிசுகிசுத்தார்.

அழுத்தினால் அப்பா சொன்னபடி செய்ததாகத்தான் ஆகும். அவருக்குத் தெரியவே தெரியாது. விரல் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றது. ஐந்தை அழுத்தினாள். கண்ணாடிக்குள் அவருடைய சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி நின்று விழுந்தது.

பிறகு அவரை வாசலில் நிறுத்திவிட்டுத் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தாள். அவள் தோளைப் பிடித்து ரோட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“மூணாவதுதானே?”

“ரெண்டாவது மிஷின்ல உன்து அஞ்சாவது நைனா. அஞ்சுதான் அழுத்தினேன்.”

“அப்ப மூணாவது யாரு?”

“எங்காளு.”

கன்னையா நின்றுவிட்டார்.

“அப்ப உன் ஓட்டு?”

“கற்பூரத்த நீதான் அடிச்ச. நான் அடிக்கல.”

தோளில் இருந்த கை நழுவியது. எதிரே ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவரைத் தொட்டு இழுக்கவும் பயம், விடவும் பயம். அந்தக் கை காற்றில் துழாவித் தானாகவே அவள் தோளைக் கண்டுபிடித்தது.

“சாயங்காலம் கோயிலுக்கு வா. மூணு இல்ல, ரெண்டுதான்னு நீயே சொல்லு,” என்றார். நான்கடி நடந்த பிறகு குரல் இறங்கியது. “கங்கம்மா ஆத்தா ஒத்துக்குவாளான்னுதான் தெரியல.”