தரைக்கோட்டுக்குக் கீழே

வேலை செய்கிற இடத்தில் எனக்கு ‘டேப்பு’ என்று பட்டப்பெயர். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. பூங்காக்களில் பெரியவர்கள் உடற்பயிற்சி செய்ய இரும்புக் கருவிகள் நிற்கின்றனவே, அவற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. விரல் மாட்டிக்கொள்ளும் சந்து இருக்கிறதா, ஆடும் கருவியைச் சுற்றி ஒன்றரை மீட்டர் காலியிடம் இருக்கிறதா, போல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று நோண்டி நோண்டிப் பார்ப்பேன். கருவிகளை மண்ணில் நட்டு நிறுத்தும் ஆட்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும்.

அவர்களில் ஒருவன் மட்டும் என்மேல் உயிராக இருந்தான். என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக ஒரே நிறுவனம், அவன் குழி வெட்டுவான், நான் அளப்பேன். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. நான் குச்சியை விட்டு எழுபது சென்டி ஆழம் பார்க்காமல் குழியில் கான்கிரீட் விழக்கூடாது. மழை வந்தாலும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு எனக்காகக் காத்திருப்பான்.

ஒரே ஒரு தடவைதான் நான் போகவில்லை. அன்று மனைவிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் செய்தான்.

“மாமா, நீங்க அக்காவைப் பாருங்க. ஆறு குழியும் நானே அளந்துட்டேன். எழுபது சென்டி, அச்சு பிசகாம இருக்கு. ஊத்திடட்டுமா?”

“ஊத்துடா மாப்ள.”

நாலு நாள் கழித்து அந்தப் பூங்காவுக்குப் போனேன். ஒவ்வொரு கம்பத்திலும் தொழிற்சாலையிலேயே ஒரு கோடு பொறித்து அனுப்புவார்கள். அந்தக் கோடு மண்ணோடு சமமாக நின்றால் கம்பம் வேண்டிய ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆறிலும் கோடு சமமாக நின்றது. படிவத்தில் ‘ஆழத்தை அளந்தவர்’ என்ற இடத்தில் என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அளந்தால் என்ன, நான் அளந்தால் என்ன என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம், கால்களை வீசி வீசி நடக்கிற கருவி ஆளோடு சாய்ந்தது. ஏறி நின்றவர் ஒரு தையல்கார அம்மா. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெஷின்மேல் பாதி தைத்த துணி ஊசியோடு அப்படியே கிடந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

“எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே தம்பி நிக்க வைக்கிறீங்க?”

“பார்த்தோம்மா. நானே பார்த்தேன்” என்றேன்.

அங்கிருந்து நேராகப் பூங்காவுக்கு வந்தேன். மற்ற ஐந்து கருவிகளையும் யாரும் தொடாதபடி கயிறு கட்டி மறித்தேன். சாய்ந்த கம்பத்தின் அடியில் ஒட்டியிருந்த கான்கிரீட் கட்டியைச் சுத்தியலால் தட்டி உடைத்தேன். கம்பத்தின் அடியில் ஒரு தட்டு பற்றவைத்து வரும். இதில் தட்டே இல்லை. அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. கோட்டிலிருந்து அடி வரை டேப்பை வைத்தேன். முப்பது சென்டி. தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி வைத்தேன். அதே முப்பதுதான்.

அவசரத்தில் குழி குறைந்திருந்தால் கோடு மண்ணுக்கு மேலே நின்று என்னிடம் காட்டிக்கொடுத்திருக்கும். கோடு சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே நாற்பது சென்டியை அளந்து அறுத்திருக்கிறான். வேறு யார் கண்ணையும் ஏமாற்ற அது தேவையே இல்லை.

மச்சினனை அங்கேயே வரச்சொன்னேன். வந்தான். அறுபட்ட அடியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“கீழ முழுக்கப் பாறை மாமா. உடைக்க நாலு நாள் ஆகும். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. மேனேஜர் உயிரை எடுத்துட்டாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேலையை நிறுத்தியிருப்பேனே!”

“அதனாலதான் சொல்லல.”

“கோட்டை ஏன்டா சமமா நிறுத்தின?”

“நீங்க அதைத்தானே பார்ப்பீங்க மாமா.”

அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நேரம் இல்லாதபோது அந்தக் கோட்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவனுக்குச் சொன்னது நான்தான். அதை இத்தனை பத்திரமாக மனசில் வைத்திருந்திருக்கிறான், பாவி.

“மண்ணு இளகிடுச்சுன்னு எழுதிடுங்க மாமா. அக்காவுக்கு இப்பதான் உடம்பு தேறியிருக்கு.”

“அக்கா பேரை எடுத்தே, பல்லைத் தட்டிடுவேன். போடா அந்தப் பக்கம்!”

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டாள். மீதியைச் சொன்னேன்.

“அவனுக்கு வேலை போயிடுமா?”

“எனக்கும் போகும்.”

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு என்னாலதானே நீங்க போகல?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஏமாற்றியதில் இவள் எங்கே வந்தாள்? “உன்னால இல்லடி” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை விசாரணை அறிக்கையில் பாறை, அறுத்த கம்பம், மேனேஜர் குறித்த தேதி, எல்லாவற்றையும் எழுதினேன். அதே கேள்வி அதிலும் இருந்தது: ஆழத்தை அளந்தவர். ‘யாரும் அளக்கவில்லை. நான் அளந்ததாக முன்பு எழுதியது பொய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, டேப்பையும் மேஜைமேல் வைத்துவிட்டு, தையல்கார அம்மா வீட்டுக்கு நடந்தேன்.

அவர் இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் நழுவி நழுவிப் போனது. நான் வாங்கிக் கோத்து நீட்டினேன்.

“அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்மா. நான் பார்க்கல.”

அவர் ஊசியை வாங்கிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார்.

“உங்களை நம்பித்தானே தம்பி ஏறினேன்” என்றார்.