காலெடை வெல்லம்

ஆரம்பாக்கம் குப்பாயி 1966ஆம் வருஷம் தை அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் போட்ட மூன்று வீசை வெல்லம், மூன்று வருஷம் ஆகியும் கரையவில்லை. அந்தக் குளத்தில் வெல்லம் போடுவது புதிதல்ல. கட்டி, மரு, தீராத நோவு எது வந்தாலும் சனங்கள் அமாவாசைக்கு வந்து வெல்லத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரையும் என்பது நம்பிக்கை. அன்றைக்கும் ஆயிரம் பேர் போட்டார்கள், எல்லாம் கரைந்தது. குப்பாயி போட்டது மட்டும் தெற்குப் படித்துறையில், தண்ணீருக்குள் நான்காம் படியில், வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. மீன்கள் வந்து மூக்கால் இடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின.

அது அவள் மகள் பச்சையம்மாவின் காலுக்கான வேண்டுதல். முந்தின ஐப்பசியில், ஒன்பது வயசுப் பச்சையம்மா எளாவூர் செக்போஸ்டுக்குத் தன் நைனா இராமலிங்கத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். ஆந்திராவிலிருந்து வரும் லாரியைச் சோதனைக்கு நிறுத்தினால் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். இராமலிங்கம் அவர்களில் ஒருவர். லாரிக்கு மேலே நிற்கிறவர் குரல் கொடுக்க வேண்டும், கீழே இருந்து பதில் குரல் வந்த பிறகுதான் மூட்டையைத் தள்ள வேண்டும். அன்றைக்கு மேலே இருந்து குரல் போயிற்று, கீழே இருந்து பதிலும் வந்தது. பதில் கொடுத்தது பக்கத்து லாரிக்கு நின்ற ஆள். துவரை மூட்டை பச்சையம்மாவின் வலது காலில் விழுந்தது. மேலே நின்று தள்ளியவர் இராமலிங்கம். அதற்குப் பிறகு அவர் அந்தக் காலைப் பார்க்கவில்லை. மகளோடு பேசுவார், ரொட்டி வாங்கிவந்து கொடுப்பார், முகத்தைத் தாண்டிக் கண்ணை இறக்க மாட்டார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு என்று படம் பிடித்துக் காட்டினார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாம், ஒட்டவில்லையென்றால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள். குப்பாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே முட்டைப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். கட்டுகிற பெரியவர், கட்டுவதுதான் தன் வேலை, ஒட்டுவது எலும்பின் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்று கட்டு மாற்றியும் எலும்பு அதன் வேலையைச் செய்யவில்லை. தொட்டால் உள்ளே நகர்ந்தது. அப்போதுதான் குப்பாயி, காலெடைக்குக் காலெடை வெல்லம் போடுவதாக வீரராகவருக்கு நேர்ந்துகொண்டாள்.

எடை தெரிய வேண்டுமே. ஆரம்பாக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சுப்பராயன் தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். உடைந்த காலைத் தட்டில் வைத்தால் தப்பை, துணி, முட்டை எல்லாம் சேர்ந்து நிற்கும் என்று, இடது காலை வைக்கச் சொன்னார்.

"நல்ல கால நிறுத்தா சாமிக்கு கொழம்பிடாதா?" என்றாள் குப்பாயி.

"ரெண்டும் ஒரே பொண்ணோட காலுதானே. அதுகூட தெரியாமயா அவரு அங்க படுத்துக்கினு கீறாரு?" என்றார் சுப்பராயன்.

மூன்று வீசை வந்தது. கடையில் அதே எடைக்கு ஒரு மண்டை வெல்லம் இருந்தது. சீக்கிரம் கரையட்டும் என்று அதை உடைக்க அவர் எடைக்கல்லை ஓங்கியபோது குப்பாயி கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாங்க. ஒடைஞ்ச வரைக்கும் போதும்."

அப்படித்தான் அந்த வெல்லம் முழுசாகக் குளத்துக்குப் போயிற்று. மாசி அமாவாசைக்குப் போய்ப் பார்த்தாள், இருந்தது. பங்குனியிலும் இருந்தது. குளக்கரையில் வெல்லமும் உப்பு மிளகும் விற்ற மணியம்மாளுக்கு இது பெரிய பேஜாராகப் போயிற்று.

"என் வெல்லத்துல சுண்ணாம்பு கலக்கறேன்னு பேசிக்கினு கீறாங்க. அத்த எடுத்துக்கினு போயேம்மா, உனுக்கு புண்ணியமா போவும்."

"சாமிக்கு போட்டத எப்பிடிக்கா எடுக்கறது?"

"அப்ப எங்க வாங்குனேன்னாவது நாலு பேர் காதுல உழறாப்ல சொல்லு."

நியாயம்தான் என்று குப்பாயிக்குப் பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் படியில் நின்று, இது ஆரம்பாக்கத்து வெல்லம் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினாள். வீட்டில் இராமலிங்கம், கரையவில்லையென்றால் சாமி வேண்டாம் என்கிறது, ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரியே செய்துவிடலாம் என்றார். குப்பாயி ஒரு மாசம் தவணை கேட்டாள்.

அந்த மாசம் எறும்பு வந்தது. கறுப்பு எறும்பு. காலையில் வாசல் வழியாக ஒரே வரிசையாக வந்து, கட்டிலேறி, பச்சையம்மாவின் காலில் போட்டிருந்த கட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கடிக்காமல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கட்டில் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், எறும்பு தண்ணீர்மேல் நடந்து போனது. புத்தூரில் கட்டைப் பிரித்தபோது பாகு காய்ச்சுகிற வாசனை அடித்தது. பெரியவர் அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை, ஆனால் முன்பு மாதிரி நழுவவில்லை, பாகு உருட்டுப் பதத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கட்டினார்.

வருகிற வழியில் பஸ்ஸிலேயே குப்பாயிக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே புருஷனிடம் சொன்னாள். "கட்டின்னா கரையணும். எலும்பு கரையலாமா? நாந்தான் தப்பா வேண்டிக்கினேன். அவரு புரிஞ்சிக்கினு கரைய வுடாம புடிச்சிக்கினு கீறாரு."

"அவரு இன்னா, உன் தப்ப திருத்திக்கினு ஒக்காந்திருக்க வாத்தியாரா?" என்றார் இராமலிங்கம். ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அதுவரை கரைந்ததா என்று பார்க்கப் போனவள், அதிலிருந்து கரையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூரில் இறங்கி நடந்து, குளத்தில் இறங்கிக் கால் கட்டைவிரலால் வெல்லத்தை அழுத்திப் பார்ப்பாள். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கெட்டியாயிற்று. மழை வந்தது, குளம் நிரம்பி வழிந்தது, ஒரு தெப்பம் முடிந்து அடுத்த தெப்பம் வந்தது. பச்சையம்மா கட்டிலிலேயே பன்னிரண்டு வயசுக்காரியானாள். பள்ளிக்கூடப் புத்தகம் மூன்று வகுப்புக்குப் படித்து முடித்தாள். காலையில் வருகிற எறும்புகளுக்கு ஆஜர் எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டுக்குக் குறைந்து ஒரு நாளும் வந்ததில்லை. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் பெரியவர், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். ஊரில் குப்பாயிக்கு மூளை குழம்பிவிட்டது என்றவர்கள் உண்டு. அவள் அவர்களுக்கும் அமாவாசைப் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தாள்.

1969 வைகாசியில் குளம் வற்றியது. தூர் வார ஆள் எடுத்தார்கள். எளாவூரில் லாரி குறைந்து வேலை இல்லாத நேரம், இராமலிங்கமும் போய்ச் சேர்ந்தார். முதல் நாளே மேஸ்திரி துளசிராமன் அவரைத் தெற்குப் படித்துறைக்கு அனுப்பினார். நான்காம் படியில் சேறு அப்பிக்கொண்டு கறுப்பாக ஒரு உருண்டை இருந்தது. அதை உடைத்துக் கூடையில் போடச் சொல்லிக் கையில் கடப்பாரையைக் கொடுத்தார். இராமலிங்கம் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சேற்றை வழித்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினார். இருபது வருஷம் மூட்டை தூக்கினவருக்குத் தராசு தேவையில்லை. மூன்று வீசை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விரல் முட்டியால் தட்டினார், கல் சத்தம் கேட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா, தாலாட்டு பாடறியா? ஒடைச்சி கூடையில போடு," என்றார் துளசிராமன்.

"இத்த ஒடைக்க கூடாது மேஸ்திரி."

"ஏன், உங்க அப்பன் வெச்சிட்டு போனதா?"

"படியில பேந்து போன கல்லு இது. அந்த மூலையில பாரு, பள்ளமா கீது. வெச்சி பூசிட்டா ஒரு வேல மிச்சம்."

இராமலிங்கம் பொய் சொல்லிப் பழகாதவர், மேஸ்திரி நம்பிவிட்டார். பள்ளத்தைக் கழுவி, சுண்ணாம்புச் சாந்து குழைத்து ஊற்றி, உருண்டையை அதில் இறக்கினார். அளவெடுத்துச் செதுக்கின மாதிரி உட்கார்ந்தது. ஓரத்தைக் கையாலேயே பூசி, சாந்து இறுகும்வரை ஒருவரும் மிதிக்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அரை நாள் கூலி பிடித்தார்கள்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது குப்பாயி வாசலிலேயே நின்றாள். புதன்கிழமை காலையில் வந்த எறும்பு மத்தியானம்வரை காலைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வரிசையாக இறங்கிப் போனது, திரும்ப வரவில்லை, பிள்ளை ஆஜர் எடுக்க ஒன்றுகூட இல்லையென்று உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். புதன் மத்தியானம்தான் அவர் சாந்து பூசினது. அதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், காலைப் பார்த்தார். கட்டை அவிழ்த்து, சுண்ணாம்பில் வெந்துபோன கையால் முட்டியிலிருந்து கணுக்கால்வரை தடவி அழுத்தினார். எங்கேயும் நகரவில்லை. சூம்பியிருந்தது, ஆனால் ஒரே காலாக இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல நைனா. கொஞ்சம் தள்ளிக்க, எறங்கணும்."

அவர் தள்ளிக்கொண்டார். குப்பாயி பிடிக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பச்சையம்மா இறங்கி நின்றாள். நின்ற இடத்தில் மண் தரை கொஞ்சம் அழுந்தியது.

அந்த ஐப்பசி மழையில் குளம் நிரம்பிற்று. நான்காம் படிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எந்தக் கல் என்பது மெல்ல வெளியே தெரிந்ததும், கையோ காலோ முறிந்தவர்கள் வெல்லம் வாங்காமல் நேரே போய் அந்தப் படியில் கால் வைத்துவிட்டுப் போவது பழக்கமாயிற்று; மணியம்மாள் அவர்களுக்கு உப்பு மிளகு விற்றாள். பச்சையம்மா முதலில் சுவரைப் பிடித்தும், பிறகு தடி ஊன்றியும், 1971 பொங்கலிலிருந்து சும்மாவும் நடந்தாள். வலது கால் வைக்கும்போது மட்டும் பக்கத்தில் இருக்கும் சொம்புத் தண்ணீர் லேசாக அலையும். குப்பாயி அமாவாசைக்குப் போவதை நிறுத்தவில்லை. வேண்டுதல் முடிந்துவிட்டதே என்று கேட்டவர்களிடம், குளத்துத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்றாள்.

1976இல் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுத்தது. நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை என்பதால் டாக்டர் வரதன் ஒவ்வொருவரையும் சோதித்தார். பச்சையம்மாவின் வலது காலைச் சின்னச் சுத்தியால் தட்டியவர், சத்தத்தைக் கேட்டு இன்னொரு தடவை தட்டினார்.

"எங்க வைத்தியம் பாத்தது?"

"புத்தூர் கட்டு சார். திருவள்ளூர் குளத்துல வெல்லம் போட்டாங்க எங்கம்மா. அது கரையல."

"இன்னுமா?"

"இன்னும் கரையல சார்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வலது கால் நலம், நின்று வேலை செய்யத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பச்சையம்மா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போனாள்.