ஈரத்தோடு மடிக்கக் கூடாது

...இல்லை, நான் இரண்டாகத்தான் மடிப்பேன், இருபத்தாறு வருடமாக இரண்டாகத்தான், என் காரின் துணிக்கூரையை மடக்கும்போது பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலில் கோடு விழாமல் இருக்க நடுவில் ஒரு துணி கொடுக்க வேண்டும், அதற்கென்றே ஒரு நீலக்கோடு போட்ட பழைய குளியல் துண்டு, அது இன்று காலை நான் கூரையைத் தூக்கியபோது மூன்றாக மடிந்து கிடந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இஸ்திரி போடாத குறைதான். யார் மடித்தது? பின்முற்றத்துத் தகரக் கொட்டகையில் நிற்கிற வண்டி, கதவைப் பூட்டுவதே இல்லை, துணிக்கூரை வண்டி வைத்திருக்கிற எவனும் பூட்டமாட்டான், பூட்டினால் திருடன் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே கை விடுவான், ஒரு தடவை அப்படித்தான் ஒருவன் அரை முழத்துக்குக் கிழித்துவிட்டு அரைப் பொட்டலம் புதினா மிட்டாயை எடுத்துக்கொண்டு போனான், அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, வா, பார், போ. சரி, எவனோ வந்து உட்கார்ந்தான் என்றே வைத்துக்கொள்வோம். வந்தவன் துண்டை எதற்கு மடிக்க வேண்டும்? எனக்கு இப்போது இதற்கெல்லாம் நேரம் இல்லை, மணி ஒன்பதரை, பதினொன்றரைக்கு ஜெனோவாவிலிருந்து ட்ரவேர்சோ வருகிறார், ஓய்வுபெற்ற பல் டாக்டர், வண்டியை வாங்கிக்கொண்டு போக.

கூரையை மேலிருந்து கீழாகத் தடவவேண்டும், தேய்க்கக் கூடாது, மிருதுவான பிரஷ், வெறும் தண்ணீர், குழாயை வைத்துப் பீய்ச்சி அடிக்கிறவர்களைக் கட்டிவைத்து அதே குழாயால் அடிக்க வேண்டும்... தண்ணீர் துணியின் மேல் முத்து முத்தாக நிற்கிறது, போன இலையுதிர் காலத்தில் நான் பூசிய மெழுகு இன்னும் வேலை செய்கிறது, இனி இதற்கு யார் பூசுவார்கள், பல் டாக்டர் பூசுவார், நன்றாகவே பூசுவார், பழைய துணிக்கூரைக்காரர்கள் சங்கத்தில் அவர் ஏதோ செயலாளராம். நான்தான் விற்கிறேன், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. என் மனைவி ஓர்னெல்லாவுக்காக. பிப்ரவரியில் அவளுக்குக் காது வலி வந்தது, பத்து நாள் பஞ்சை அடைத்துக்கொண்டு நடந்தாள், டாக்டர் காற்றில் போகாதீர்கள் என்றார், அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையில் என் இருபத்தாறு வருடமும் இருந்தது. வண்டி வாங்கிய வாரத்தில் அவள் சித்தி மகள் கல்யாணத்துக்கு இதில்தான் கூட்டிப்போனேன், மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்துகொண்ட தலையலங்காரம், பாதி வழியில் அவள் கழுத்துப் பட்டு பறந்து கடலில் விழுந்தது, தேவாலயத்து வாசலில் இறங்கியபோது அவள் அத்தை யாரோ என்று நினைத்து வணக்கம் சொன்னாள். அதன்பிறகு வருடத்துக்கு நான்கு தடவை ஏறுவாள், உதட்டை இறுக்கிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவள் மாதிரி. "நீ காத்துக்குப் பொறந்தவன், நான் மனுஷிக்குப் பொறந்தவ, என்ன விட்ரு." சரி என்று போன மாதம் சாப்பாட்டு மேசையில் பெரிய மனது பண்ணிச் சொன்னேன், வண்டியை விற்றுவிடலாம், கெட்டியான கூரை போட்ட ஒன்றை வாங்கலாம், உன் காதும் பிழைக்கும், தலைமுடியும் பிழைக்கும். கட்டிப்பிடித்துக் கொள்வாள் என்று நினைத்தேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு "உன் இஷ்டம்" என்றாள், அவ்வளவுதான், சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முன்கண்ணாடியில் இது என்ன? வைப்பர் ஓடிய இரண்டு அரைவட்டம். போன ஞாயிறு கடைசியாக ஓட்டிவிட்டு வந்து கண்ணாடியைத் துடைக்கக்கூட மனம் வராமல், கூரையைத் தூக்கி நிறுத்தவும் மனம் வராமல், மடித்தது மடித்தபடி, தூசியோடு கொட்டகையில் விட்டேன், துணி சுருங்கும் என்று தெரிந்தும் விட்டேன். கொட்டகைக்குள் மழை எப்படிப் பெய்யும்? மழை என்றால் இந்த வாரம் ஒரே மழைதான், வியாழன் மாலை நாலு மணிக்கு, பத்து நிமிடம், தெருவில் போனவர்கள் எல்லாம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் ஒதுங்கி, கண்ணாடி வாங்குகிற மாதிரி ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுப் பார்த்துவிட்டு மழை விட்டதும் போனார்கள். அப்படியானால் வியாழன் நாலு மணிக்கு என் வண்டி வானத்துக்கு அடியில் இருந்திருக்கிறது. ஓட்டியவர் மழையில் கூரையைத் தூக்கி மாட்டியிருக்கிறார், பிறகு மறுபடி மடித்திருக்கிறார், நான் விட்டது போலவே... நான் சட்டென்று உள்ளே குனிந்து கூரையின் உள்மடிப்பில் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தேன், பூஞ்சண வாடை இல்லை, துளி இல்லை. துடைத்து, காயவைத்து, பிறகு மடித்திருக்கிறார். இது குடிகாரன் வேலை இல்லை. கூரையோர வாய்க்காலில் நாலைந்து பைன் ஊசி இலை, எங்கள் தெருவில் பைன் மரம் கிடையாது, செஸ்திரிக்கு அப்பால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனையில்தான் உண்டு, அங்கே நான் இலையுதிர் காலத்துக்குப் பிறகு போகவே இல்லை. சாவி? சாவி சமையலறையில், உப்பு ஜாடிக்கு மேலே கொக்கியில்.

சமையலறையில்.

துண்டு, கைக்குட்டை, மேசைத்துணி, என் பனியன், வரி அலுவலகத்துக் கடிதம், எல்லாவற்றையும் மூன்றாக மடிக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், கல்யாணமான முதல் வருடம் இதற்காகவே ஒரு வாரம் பேசாமல் இருந்தோம், இரண்டாக மடித்தால் அலமாரியில் அடங்காதாம். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி பால்கனியைப் பார்த்தேன், துளசிச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், வீட்டு அங்கி, ஒரு பக்கம் சரிந்த கொண்டை, ஞாயிறு மதியத்துக்கு அக்ரூட் சாந்து அரைத்த கை. இவளா? வியாழன் மதியம் இவள் லவாஞ்ஞாவில் அக்கா இவானா வீட்டுக்கு ரயிலில் போகிறாள், மூன்று வருடமாகப் போகிறாள், ஆறரைக்கு வருவாள், கன்னம் சிவந்திருக்கும், பசிக்கிறது என்பாள், அக்கா வீட்டில் ஒன்றும் தரவில்லையா என்று கேட்பேன்... ரயிலில் போகிறவளுக்குக் கன்னம் ஏன் சிவக்கிறது? பிப்ரவரியில் ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்குக் காதில் எப்படிக் குளிர் ஏறும்? ஊருக்கெல்லாம் கண்ணை அளந்து கண்ணாடி போட்டுக் கொடுக்கிற ஃபுல்வியோ, உன் கண்ணை யாரிடம் அளக்கக் கொடுத்தாய்? பெட்ரோல் முள் உடைந்து ஆறு வருடம் ஆகிறது, அதனால் எனக்குத் தெரியவில்லை, என்னை நானே தேற்றிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். ஓட்டி முடித்ததும் சீட்டை மறுபடி பின்னுக்குத் தள்ளித்தான் வைத்திருக்கிறாள், ஆனால் சீட்டு நகர்கிற பல்வரிசையில் ஒரு பல் குறைவாக, இத்தனை நாளும் முழங்கால் இடித்ததற்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்புதான் வந்தது, மழையில் அவள் ஒற்றை ஆளாகக் கூரையை இழுத்து மாட்டுவதை நினைத்தால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது, அந்த இடது கொக்கி லேசில் விழாது, உள்ளிருந்து கட்டைவிரலால் துணியை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு கொக்கியை உள்ளங்கையால் ஒரு எத்து எத்த வேண்டும், எனக்கே அது பிடிபட ஒரு கோடைகாலம் ஆனது. அப்புறம் சிரிப்பு நின்றது. மணி பதினொன்று. இவள் வண்டியை அல்லவா நான் விற்கிறேன். இவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? எப்படித் திறப்பாள், இருபத்தாறு வருடம் திட்டிய வண்டி, ஒரு நாள் உட்கார்ந்து எனக்கும் பிடிக்கிறது என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் இன்னும் யாரும் பிறக்கவில்லை, நாங்கள் புலம்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டோம். நான் மேலே போய், தெரிந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால்? கையும் களவுமாகப் பிடிபட்டவள் மறுபடி சாவியைத் தொடுவாளா? அந்த வியாழக்கிழமை செத்துப்போகும். சொல்லாவிட்டால் வண்டி ஜெனோவாவுக்குப் போகும்...

"வணக்கம் சார், கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன்!" ஜெனோவாக்காரர்கள் எப்போது சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ட்ரவேர்சோ, தோல் தொப்பி, மெலிந்த ஆள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார், தொடவில்லை, நல்ல ஆள், தெரிந்த ஆள், அதுதான் பிரச்சினை. "கூரை ஈரமா இருக்கே, இப்பதான் கழுவினீங்களா? அருமை. தையல் எல்லாம் உயிரோட இருக்கு. நான் வாங்கிக்கறேன், வேற பேச்சே இல்ல." எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை, மனைவி ஓட்டுகிறாள், அதனால் தரமாட்டேன் என்று முற்றத்தில் நின்று சொன்னால் மூன்று மாடிக்கும் கேட்கும். என்ன செய்வது, என்ன செய்வது... என் கை தானாகவே கொக்கிக்குப் போனது. "கூரை மடங்குறத பாத்துடுங்க டாக்டர்."

"ஐயோ வேணாம், ஈரமா இருக்கு!"

"பரவால்ல டாக்டர்," என்றேன், இரண்டு கொக்கியையும் விடுவித்து, சொட்டச் சொட்ட இருந்த கூரையைத் தூக்கி, இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் செய்யாத பாவத்தைச் செய்தேன், ஈரத்தோடு மடித்தேன். துண்டுகூட வைக்காமல். பிளாஸ்டிக் முனகியது, அது என் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது, பல் டாக்டருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், முகம் வெளுத்துவிட்டது.

"சார்... எப்பவும் இப்படித்தான் மடிப்பீங்களா?"

"வேற எப்படி? துணிதானே."

"துணிதானேவா!" அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி. "உள்ள எத்தன வருஷத்துப் பூஞ்சணம் இருக்கோ! வண்டி வெச்சிக்கற ஆளா நீங்க?"

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது, துளசிச் சட்டி நடுங்க: "ஃபுல்வியோ! உனக்கென்ன புத்தி பேதலிச்சிடுச்சா? ஈரத்தோட மடிக்கிற! துண்டு எங்க? ஜன்னல்ல கோடு விழும்டா, மடையா! பிரி அத! மொதல்ல பிரி!"

ட்ரவேர்சோ மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்துத் தலை வணங்கினார். "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார், "உங்களுக்குத் தெரியல." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எனக்கு இது வேண்டாம் சார். அவங்களா என்னிக்காவது விக்கறதா இருந்தா சொல்லி அனுப்புங்க." போய்விட்டார், வாயிலைத் தாண்டும்போதுகூடத் தலையை ஆட்டிக்கொண்டே போனார், அவர் சங்கத்தில் இனி என் பெயர் நாறிவிடும், ஆனாலும் எனக்குள் யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓர்னெல்லா மாடிப்படியில் செருப்புத் தட்டத் தட்ட இறங்கி வந்தாள், கை நிறையப் பழைய துணிகள், எல்லாம் மூன்றாக மடித்தவை. என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பிரித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒரு பக்கம், உள்மடிப்பை ஒற்றி எடுத்தாள், ஜன்னலை ஊதித் துடைத்தாள், பிறகு உள்ளே குனிந்து இடது கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தி, எத்தாமலே, ஒரு சின்னத் திருகில் மாட்டினாள். எத்தாமலே! இத்தனை வருடமாக நான் எத்திக்கொண்டிருக்கிறேன். "போயிட்டாரா அவரு?" என்றாள். "போயிட்டார், வேணாம்னுட்டார்." "பாவம், நல்ல மனுஷனா தெரிஞ்சார்," என்றாள், துணியைப் பிழிவதற்காகத் திரும்பிக்கொண்டாள், திரும்பிய பிறகும் அவள் காது ஓரம் சிரித்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது, அறுபது வயதில் முதுகு ஒத்துழைக்காது. அவள் படியேறும்போது, வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னேன், "வியாழக்கிழமைக்குள்ள நல்லா காஞ்சிடும்." செருப்புச் சத்தம் நின்றது. "காயட்டும்," என்றாள், திரும்பாமல், மேலே போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சந்தோஷம் வந்தால் வாய் நிற்காதே, முற்றத்திலிருந்தே கத்தினேன், "ஓர்னெல்லா, சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் செஸ்திரி முனை வரைக்கும் போவோமா? அதுக்குள்ள காஞ்சிடும், கூரைய எறக்கிட்டே போலாம்!" பால்கனியில் தலை தெரிந்தது, முகத்தைச் சுளித்தாள், அதே பழைய சுளிப்பு, ஊசிக்கு வந்தவளின் சுளிப்பு. "ஐயோ, அந்தக் காத்து என்னால ஆகாதுப்பா, நீ போயிட்டு வா." உள்ளே போய்விட்டாள். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன், முழங்கால் இடித்தது. காற்று ஆகாது... செஸ்திரி முனையில், கூரையை இறக்கிவிட்டு, பிப்ரவரிக் குளிரில் மூன்று மணி நேரம் தனியாக ஓட்டினால் ஆகியிருக்கிறதே. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்தான் ஆகாதா? நான் எல்லா வளைவுக்கும் விளக்கம் சொல்வேன், அது உண்மைதான், எதிரே வருகிறவனைத் திட்டுவேன், சுரங்கப்பாதை வந்தால் எதிரொலிக்காகப் பாடுவேன், ஒவ்வொரு தடவையும், பாடித்தான் ஆக வேண்டும் எனக்கு... இருபத்தாறு வருடமாக அவள் காற்று காற்று என்று சொன்னது... சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைப் பிடித்தேன், அவள் உயரத்துக்கு இரண்டு பல் முன்னால் தள்ளினேன், பிறகு, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பின்னால் இழுத்தேன், பிறகு மறுபடி கொஞ்சம் முன்னால்.