இருபத்தேழாவது மாடிக் கதவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று காலை மட்டும் பயம்தான் வந்தது. மறுநாள் திறக்கவிருந்த முப்பத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டை வரைந்தவள் நான். தீயணைப்பு அதிகாரி சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தீப்பிடித்தால் பெரிய விசிறிகள் படிக்கட்டுக்குள் காற்றை அடிக்கும். புகை உள்ளே வராது. ஆனால் மாடியில் இருப்பவர்கள் அந்தக் காற்றை எதிர்த்துக் கதவைத் தள்ளித்தான் தப்ப வேண்டும். கதவு பெரிதானால் தள்ளுவதும் கஷ்டம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். படித்த மேதை நானோ, பார்க்க எடுப்பாக இருக்குமென்று ஒன்பதடி உயரத்தில் வரைந்து வைத்திருந்தேன். எங்கள் கம்பெனி முதலாளியும் அதில் மயங்கிப் போனார்.

விசிறிகள் உறுமின. இருபத்தேழாவது மாடியில் எங்கள் மெக்கானிக் தோளால் ஒரு முட்டு முட்டினார். ஆள் எருமைக்கடா மாதிரி. கதவு திறந்தது.

"பாத்தீங்களா சார்!" முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அதிகாரி மசியவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். "அந்தம்மா தள்ளட்டும்."

அது என் அக்கா. இங்கே அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

இரண்டு கையாலும் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கதவு அசையவே இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"நான் சரியா தள்ளல சார். தோள்வலி. வேற யாரு தள்ளினாலும் தொறந்துரும்."

அடிப்பாவி! சின்ன வயதிலிருந்தே எனக்காகப் பொய் சொல்லிப் பழகியவள். தோள்வலி என்றதை நம்பி அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் வேலை தப்பிவிடும். முதலாளி கண்ணாலேயே மிரட்டினார்.

"கையெழுத்து போடாதீங்க சார். அவ என் அக்கா. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா. கதவுதான் தப்பு. வரைஞ்சது நான்."

அதிகாரி பேனாவை மூடினார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்," என்று சொல்லிவிட்டு முதலாளி லிஃப்டுக்கு நடந்தார்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? பொழப்பையே கெடுத்துக்கிட்டியே!" அக்கா கத்தினாள்.

எனக்கும் கோபம் தலைக்கேறியது. "தீப்பிடிச்சா இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கப்போறது நீதானக்கா! நானா?"

அக்கா சிவந்துபோன தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத்தான்டி தள்ளினேன்," என்றாள்.